‘பார்க்கலாம்’ என்பது எந்த வகை விடை?

மதுரை தெற்குமாசி வீதிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, எங்களுக்கு மூன்று தலைமுறையாகச் சுங்குடித் தொழில். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம், பட்டறையில் தமிழ். அப்பாவுக்கு 64 வயது, ஆங்கிலம் வராது. நான் எம்.காம். முடித்துவிட்டு ஆறு வருடமாக ஏற்றுமதி வேலையைப் பார்க்கிறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இரண்டு வருடமாக எங்களிடம் துப்பட்டா வாங்குகிறார். போன செப்டம்பரில் வீடியோ காலில், 300 துப்பட்டா வேண்டும், அதில் 120 அரக்குச் சிவப்பு, நவம்பர் 15-க்குள் சரக்கு கிளம்ப வேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். ‘பார்க்கலாம்மா, ஐப்பசி மழை வேற இருக்கு’ என்று சொல்லித் தலையை ஆட்டினார். நான் அந்த அம்மாவிடம் ‘யெஸ், வி வில் டூ இட்’ என்று சொல்லிவிட்டேன்.

மழையில் அரக்கு காயவில்லை. ஐம்பது துப்பட்டாவில் சாயம் திட்டுத்திட்டாக வந்து மறுபடி போட்டோம். டிசம்பர் 4-ஆம் தேதிதான் அனுப்ப முடிந்தது. நடுவில் அவர் வாட்ஸ்ஆப்பில், ‘இன்னும் ரெடியாகவில்லையா?’ என்று கேட்டதற்கு நான் ‘யெஸ்’ என்று போட்டேன். ரெடியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாராம். கடைசியில் ஒரு மெயில் வந்தது. ‘நவம்பர் 15-க்கு முடியும் என்று சொன்னீர்கள். திஸ் இஸ் நாட் ட்ரூ.’ அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் சுருங்கிப்போய்விட்டது. ‘நாப்பது வருச யாவாரத்துல என்னைப் பொய்யன்னு எவனும் சொன்னதில்ல’ என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பொங்கல் முடிந்து அந்த அம்மா மதுரைக்கு வருகிறார். ‘வரட்டும், சாப்பாடு போட்டு அனுப்பு, யாவாரம் வேண்டாம்’ என்கிறார் அப்பா. நான் அப்பாவை மாற்றுவதா, அந்த அம்மாவுக்குப் புரியவைப்பதா? இல்லை, அவர்கள் பழக்கமே இப்படித்தானா?”

அன்புள்ள சகோதரிக்கு,

பொங்கலுக்கு நாள் அதிகமில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா செப்டம்பரிலேயே பதில் சொல்லிவிட்டார். அது அந்த அம்மாவிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தது நினைவிருக்கிறதா? விடை எட்டு வகை என்று பவணந்தியார் பிரித்திருப்பார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்ட சூத்திரம்தான். ஆனால் வேற்று நாட்டவரோடு பேசிப் பழகச் சொல்லித்தரும் என் முப்பது வருடப் பயிற்சி வேலையில் இதைப் போல உதவிய கருவி வேறில்லை. எட்டில் முதல் மூன்றுதான் நேரடி விடைகள். ‘டவுன்ஹால் ரோடு எந்தப் பக்கம்?’ ‘இந்தப் பக்கம்’: சுட்டு. ‘வருவாயா?’ ‘மாட்டேன்’: மறை. ‘வருவேன்’: நேர். மிச்சம் ஐந்தும் சுற்றிவளைத்துச் சொல்பவை. மேலமாசி வீதியில் தள்ளுவண்டிக்காரரிடம் ‘பருத்திப்பால் இருக்காண்ணே?’ என்று கேளுங்கள். தீர்ந்துவிட்டதென்றால் ‘சுக்குமல்லி காபி இருக்கு’ என்பார். அது இனமொழி. இல்லை என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை, நமக்கோ புரிந்துவிட்டது. ‘சாயந்தரம் கோயிலுக்கு வர்றியா?’ ‘போனா கால் வலிக்கும்’: உறுவது கூறல், அதாவது இனி நடக்கப்போவதைச் சொல்லி மறுப்பது.

இந்த ஐந்தையும் இலக்கணம் மழுப்பல் என்று ஒதுக்கவில்லை. இவையும் விடைதான் என்று சேர்த்துக்கொள்கிறது. எட்டுக்கு ஐந்து! சுற்றிச் சொன்னால் எதிராளிக்கு விளங்கும் என்ற நம்பிக்கை இருக்கிற சமூகத்தில்தான் இப்படி ஒரு இலக்கணம் எழுத முடியும்.

இப்போது அப்பா சொன்னதைத் திரும்பப் பாருங்கள். ‘பார்க்கலாம்மா, ஐப்பசி மழை வேற இருக்கு.’ அச்சு அசலான உறுவது கூறல். இதைக் கேட்ட எந்தச் சாயப் பட்டறைக்காரரும், ‘சரி, 15-க்குள் கிடைக்காது, மாதக் கடைசி ஆகும்’ என்றே எடுத்துக்கொண்டிருப்பார். முடிச்சோடு சாயத்தில் முக்கி, காயவைத்து, அப்புறம்தான் முடிச்சை அவிழ்க்க முடியும் என்ற தொழிலில், மழை என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும். நீங்களும் அந்தப் பட்டறையிலேயே பிறந்து வளர்ந்தவர். உங்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் இருந்த இணக்கத்தை எடுத்துக்கொண்டு, சொல்லில் இருந்த மழையை விட்டுவிட்டீர்கள். ‘யெஸ், வி வில் டூ இட்’ என்பது அப்பா சொல்லாத வாக்கியம்.

குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள். நடுவில் நின்று மொழிபெயர்க்கிற எல்லோரும் இதைச் செய்வோம். இரண்டு பக்கமும் மனம் கோணக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியில், ‘அப்பாவை மாற்றுவதா, அந்த அம்மாவையா’ என்று இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் அந்த வீடியோ காலில் இருந்தார். மாற்றச் சுலபமானவரும் அவர்தான்.

‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? வீட்டுக்குள்ளிருந்தே ஆரம்பிக்கிறது. அரிசி தீர்ந்துபோனால் பெரியவர்கள் ‘அரிசி இல்லை’ என்பதில்லை, ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பார்கள். வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி திட்டுவார், ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்ல வேண்டும். இல்லாமை, அணைதல், போதல் இவற்றுக்கெல்லாம் வாயால் இடம் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை. இப்படி வளர்ந்த ஒரு மனிதர், இரண்டு வருடமாக வாங்கும் வாடிக்கையாளரைப் பார்த்து, அதுவும் முகம் பார்த்துப் பேசும் வீடியோ காலில், ‘இல்லை, முடியாது’ என்று எப்படிச் சொல்வார்? இதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இருக்கிறது, முகதாட்சண்யம். ஒரு சுவையான தகவல்: நாகரிகமான பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க உலகமெங்கும் மொழியியல் வகுப்புகளில் சொல்லித்தரும் பிரவுன், லெவின்சன் கோட்பாடு இந்த ‘முகம்’ என்ற கருத்தின் மேல்தான் நிற்கிறது. 1978-இல் முதலில் வெளிவந்த அந்த ஆய்வு ஆதாரமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சை லெவின்சன் பதிவு செய்தார். மற்ற இரண்டு, ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும்.

சரி, ஹாம்பர்க் பக்கம் வருவோம்.

அந்த மெயிலில் உங்கள் அப்பாவைச் சுட்ட வாக்கியம், ‘திஸ் இஸ் நாட் ட்ரூ.’ நீங்கள் அதைத் தமிழாக்கியபோது ‘இது உண்மையில்லை’ என்றோ ‘பொய்’ என்றோ சொல்லியிருப்பீர்கள். ஜெர்மன் மொழியில் ‘டஸ் ஷ்டிம்ட் நிஹ்ட்’ என்று ஒரு வாக்கியம் உண்டு. கணக்கு இடித்தால், விலாசம் தப்பாக இருந்தால், பேருந்து நேரம் மாறியிருந்தால், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். நம் வழக்கில் ‘இது சரியா வரலையே’, ‘கணக்கு உதைக்குதே’ என்கிறோமே, அந்த அளவுக்குச் சாதாரணம். அதை ஆங்கிலத்தில் போடும்போது பல ஜெர்மானியர்களுக்கு ‘நாட் ட்ரூ’ என்று வந்துவிடும். இந்த அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பொய்யர் என்று சொல்ல நினைத்தவர் விமானச் சீட்டு எடுத்து மதுரைக்கு வரமாட்டார் அல்லவா?

சொல் ஊர் தாண்டும்போது வேறு ஆளாக மாறுவதை மதுரை நானூறு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1606-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, மதம் மாற வருகிறவர்களிடம் ‘பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா’ என்ற பொருளில் கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்டவர்கள் கிறிஸ்தவத்தை நினைத்துக் கேட்டார்கள். மதுரைக்காரர்களின் காதில் அது மாட்டிறைச்சியும் மதுவும் புழங்கும் போர்த்துக்கீசியர்களின் சாதியில் சேரச் சொல்வதாக விழுந்தது. நொபிலி அந்தச் சொல்லைத் தூக்கிப்போட்டார், நான் பறங்கி இல்லை என்றார், காவி கட்டினார், பாதக்குறடு போட்டார், சைவம் சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். கூடவே இருந்த மூத்த பாதிரியார் இதை எதிர்த்து மேலிடத்துக்குப் புகார் எழுத, வழக்கு ரோம் வரை போய் 1623-இல்தான் போப்பாண்டவர் அனுமதித்தார். நொபிலி சாதி வேறுபாட்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார் என்பது வேறு கதை, அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரே ஒரு சொல் பல வருட வழக்குக்கு வித்தாக இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜெர்மன் மொழியிலும் ‘நீ’, ‘நீங்கள்’ இருக்கிறது. ‘டு’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். வியாபாரத்தில் ‘ஸீ’தான் முறை. அந்த அம்மா தன் மொழியில் எழுதியிருந்தால் உங்கள் அப்பாவை மரியாதையாகத்தான் விளித்திருப்பார். உங்கள் அப்பாவும் தமிழில் ‘நீங்க’ என்பார். இருவரும் சந்திப்பதோ ஆங்கிலத்தில், அங்கே எல்லோருக்கும் ஒரே ‘யூ’. இரண்டு பக்கமும் மரியாதையைச் சுங்கச் சாவடியில் இறக்கிவைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று அறுபது வருடமாகப் புழங்குகிறவருக்கு, ஒரு மொழியில் உள்ள பதம் இன்னொன்றில் வராது என்பதை நான் விளக்கத் தேவையே இல்லை.

நானும் பட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்த ஜெர்மன் பேராசிரியரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டேன். ‘நல்லாருந்துச்சு’ என்று ஒரு வார்த்தையை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எங்கெங்கே தப்பு என்று இருபது நிமிடம் சொன்னார். என் ரசம் ஆறிப்போனது. இரண்டு நாள் அவர் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே தேடி வந்து, திருத்திய கட்டுரை எங்கே, படிக்கக் காத்திருக்கிறேன் என்றார். கட்டுரையைத் திட்டியது என்னைத் திட்டியதாகாது என்பது அவர் கணக்கு. உட்கார்ந்து குறை எடுத்துத் தந்ததுதான் அவர் வைத்த மரியாதை. எனக்கு அது உறைக்கப் பல வருடம் ஆனது.

இப்போது அந்த ‘யெஸ்’. இது பண்பாடுகூட இல்லை, வெறும் இலக்கணம். ஆனால் நான் பார்த்த சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. ‘இன்னும் வரலையா?’ என்று தமிழில் கேட்டால், ‘ஆமா, வரலை’ என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம், அதனால் ‘ஆமா’. ஜப்பானியர்களும் இப்படித்தான். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் நடந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. நடக்கவில்லை என்றால் ‘நோ’. ஜெர்மானியர்களிடம் ‘இன்னும் ஆகலையா?’ என்ற கேள்விக்கு, ‘ஏன் ஆகலை, ஆச்சே!’ என்று மறுத்துச் சொல்ல ‘டோஹ்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஆகவே நீங்கள் அனுப்பிய ஒற்றை ‘யெஸ்’ அவருக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது என்ற செய்தி. இனி அவருக்கு ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். ‘ரெடியாகவில்லை, இன்னும் 50 காய வேண்டும்’ என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். அப்பாவின் தலையாட்டலும் இதே ரகம். பக்கவாட்டில் அசையும் தலை அவர்கள் ஊரில் ‘இல்லை’. வாயில் ‘யெஸ்’, தலையில் ‘நோ’ என்று அந்த அம்மா அன்று குழம்பியிருந்தால் ஆச்சரியமில்லை.

‘அவர்கள் பழக்கமே இப்படித்தானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு அட்டவணை காட்டுவார்கள். கீர்த் ஹாஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்துக்காரர் ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து போட்ட மதிப்பெண்கள் அவை. மேல் கீழ் என்ற அதிகார இடைவெளியை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. பயிற்சி வகுப்பில் திரையில் போட்டால் எடுப்பாக இருக்கும், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் தெற்குமாசி வீதியில் சாயம் போடுகிற உங்கள் அப்பாவிடமோ, கடை நடத்துகிற அந்த அம்மாவிடமோ யாரும் கேட்டு எடுத்த மதிப்பெண் இல்லை அது. உங்களிடம் இரண்டு வருட மெயில்கள் இருக்கின்றன. உட்கார்ந்து முதலிலிருந்து படியுங்கள். எதற்குக் கோபப்பட்டார், எதை விட்டுக்கொடுத்தார், எப்போது நன்றி சொன்னார் என்று பாருங்கள். அட்டவணையைவிட அது உபயோகம்.

அப்பாவைப் பற்றி ஒரு கசப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. செப்டம்பரில் ‘பார்க்கலாம்’ என்றது பண்பாடு. ஐப்பசியில் சாயம் திட்டுத்திட்டாக வந்த அன்றைக்குத் தகவல் சொல்லாமல் விட்டது பண்பாடு இல்லை. அது வெறும் தள்ளிப்போடல், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊருக்குள்ளேயே விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளி ஆர்டர் கொடுத்திருந்தால், சரக்கு தாமதம் என்று அன்று ராத்திரியே ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பீர்கள். ஏனென்றால் தீபாவளிக்கு மறுநாள் வந்திறங்கும் மூட்டையைக் கடைக்காரர் எங்கே வைப்பார்? அந்த அம்மாவுக்கு நவம்பர் 15 அப்படிப்பட்ட தேதிதான். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பர் கடைசியில் ஆரம்பித்து பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்னால் முடிந்துவிடும். டிசம்பர் 4-ஆம் தேதி இங்கிருந்து கிளம்பிய அரக்குச் சிவப்பு அங்கே போய்ச் சேரும்போது பாதிச் சந்தை முடிந்திருக்கும். பண்டிகைக்கு வாங்குகிற நிறமே அதுதானே! அப்பாவிடம் ‘அவங்க கலாசாரம் வேற’ என்று ஆரம்பித்தால் காதில் ஏறாது. ‘அவங்களுக்கு அது தீபாவளிச் சரக்குப்பா’ என்று சொல்லிப் பாருங்கள்.

தேதியில் இவ்வளவு கறாரா என்று அவர் கேட்டால், சாயத்தை நினைவுபடுத்துங்கள். 1994-இல் ஜெர்மனி, அசோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றுக்குத் தடை போட்ட பிறகு அங்கே போகும் துணிக்கு ஆய்வக அறிக்கை கேட்பது வழக்கமாகிவிட்டது. நீங்களும் வைத்துத்தானே அனுப்புகிறீர்கள். என் சாயத்தையா சந்தேகப்படுகிறாய் என்று அப்பா அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. தேதியும் அதுபோல இன்னொரு அறிக்கை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவை ‘இல்லை’ சொல்லப் பழக்காதீர்கள், 64 வயதில் அது வேண்டாத வேலை. கேள்வியை மாற்றுங்கள். ‘15-க்குள் முடியுமாப்பா?’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’தான் வரும். ‘முடிச்சுப் போட்டு வர எத்தனை நாள்? சாயத்துக்கு எத்தனை? மழை பிடித்தால் காய எத்தனை?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். இதற்கெல்லாம் துல்லியமாகப் பதில் சொல்வார், தொழில் தெரிந்தவருக்கு அதில் பெருமைகூட. கூட்டிப் பார்த்து வருகிற தேதியை நீங்கள் எழுதுங்கள். பேச்சில் முகம் இருக்கிறது, அதனால் மறுப்பது கஷ்டம். எழுத்தில், அதுவும் எண்ணில் மறுத்தால் யாருக்கும் வலிப்பதில்லை. ஒவ்வொரு காலுக்கும் பிறகு அன்றே ஒரு மெயில் போகட்டும். மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“அக்டோபர் 28 நிலவரம். மஞ்சள் 180 முடிந்தது. அரக்கு 120-இல் 70 முடிந்தது. 50 மழையால் காயவில்லை, சாயம் மறுபடி போடுகிறோம். நவம்பர் 15-க்கு 250 உறுதி. மீதி 50, நவம்பர் 24. முடிந்த 250-ஐ முதலில் அனுப்பட்டுமா, எல்லாம் சேர்த்து அனுப்பட்டுமா? உங்கள் பதிலை 30-ஆம் தேதிக்குள் எதிர்பார்க்கிறேன்.”

இதில் மன்னிப்பு, வருத்தம், தங்கள் ஆதரவுக்கு நன்றி எதுவும் இல்லை என்று உங்களுக்குக் கை அரிக்கும். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எண்களுக்கு முன்னால் வைக்காதீர்கள்.

அவர் வருவதற்கு முன்பே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். அதில் நடந்ததைச் சொல்லுங்கள்: ‘என் அப்பா மழை வரும் என்றார், நான் அதை விட்டுவிட்டு யெஸ் என்று சொன்னேன், தவறு என்னுடையது.’ இதை எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு இது அவமானமாகத் தெரியாது, காரணம் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருக்கும். கூடவே, ‘எங்கள் வீட்டில் பெரியவர்கள் முடியாது என்று சொல்வதில்லை. பார்க்கலாம் என்று சொல்லி ஒரு காரணமும் சொன்னால் அது முடியாது என்று அர்த்தம்’ என்று எழுதுங்கள். பழக்கம் இரண்டு பக்கமும் வளைய வேண்டும். நாம் மட்டும் கற்றுக்கொண்டே இருக்க நேர்ந்துகொண்டோமா என்ன?

பட்டறையில் சரக்கைப் பார்க்கும்போது குறை இருந்தால் உங்களிடம் தனியாகச் சொல்லச் சொல்லி முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையாட்கள் நிற்கும்போது ‘இந்த முடிச்சு ஒழுங்காக இல்லை’ என்று அவர் சொல்லிவிட்டால், அவருக்கு அது துணியைப் பற்றிய பேச்சு, அப்பாவுக்கு நாற்பது வருடப் பெயர். காரணம் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். அப்பாவிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ‘எப்படிம்மா இருக்கு?’ என்று சும்மா கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவார்.

சாப்பாட்டில் ‘போதும்’ என்றால் அவருக்குப் போதும். நம் வீட்டில் முதல் ‘போதும்’ மரியாதைக்கு, இரண்டாவதுதான் நிஜம். இலையில் கை மறைத்த பிறகும் ஒரு கரண்டி விழும். அவருக்கு அப்படி விழுந்தால், தான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று தோன்றும். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கவும் சங்கடப்படுவார். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தேதி. ஜெர்மன் வியாபாரிகள் வருடத்தை வார எண் போட்டுப் பேசுவார்கள், ‘46-ஆம் வாரம்’ என்பது மாதிரி. உங்கள் அப்பாவுக்கு அது ஐப்பசிக் கடைசி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நாட்கள்தான். அடுத்த ஆர்டர் பேசி முடிந்ததும் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் வார எண், வலது பக்கம் தமிழ் மாதத் தேதி எழுதி, இருவரையும் பார்க்க வைத்து, பட்டறையில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சாயத் தண்ணி தெறிக்காத உயரத்தில்.